ஓட்டுக்கு விடாத அப்டேட்

மகள் பெட்டியோடு வந்து வாசலில் நின்ற அன்றைக்கு ஆரம்பித்த குழப்பம் கண்டக்டரம்மாவுக்கு இன்னும் தெளியவில்லை. பஸ்ஸில் கூட்டம் பிதுங்கும்போதும் யார் டிக்கெட் எடுத்தார், யார் எடுக்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார் என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுகிறவள் அவள். சொந்த வீட்டில் யார் பக்கம் நியாயம் என்று தெரியாமல் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் பேச்சுவார்த்தை நடக்கிறது. ஒரு ஷிஃப்டுக்கும் அடுத்த ஷிஃப்டுக்கும் நடுவில் டிரைவர், கண்டக்டர்களுக்கு எவ்வளவு நேரம் ஓய்வு என்பதுதான் வழக்கு. சங்கம் வெளியே கேட்டது ஒன்று. ரொம்ப நெருக்கினால் எதுவரை இறங்கலாம் என்று உள்ளுக்குள் எழுதி வைத்திருந்தது இன்னொன்று. அந்த உள் முடிவு சங்க அலுவலகத்தில் செயலாளரின் கம்ப்யூட்டரைத் தவிர வேறெங்கும் இல்லை. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி சூடாவதற்குள் நிர்வாகம் அதே முடிவைத் தன் முதல் வார்த்தையாகச் சொல்லிவிட்டது.

அந்தச் செயலாளர், கண்டக்டரம்மாவின் கணவர்.

டிப்போ மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பெற்றோர் வைத்த பெயரை ஊரே மறந்து ஸ்பானர் என்றுதான் கூப்பிடும். சங்கத்தின் துணைச் செயலாளரும் அவர்தான். எல்லோர் முன்னாலும் அவர் கேட்டார்: "செயலாளர் வீட்டு மாப்பிள்ளை எந்தக் கம்பெனியில வேலை செய்யறார்? நிர்வாகத்துக்கு சாஃப்ட்வேர் விக்கிறது எந்தக் கம்பெனி? ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒன்றுதான். செயலாளர் பதில் சொல்லாமல் மேசையைப் பார்த்தார். இதைக் கேள்விப்பட்ட மகள் தன் கணவனிடம் கேட்டாள்: "நீங்களா?" அவன், "நீயுமா கேக்கறே?" என்றதோடு வாயை மூடிக்கொண்டான். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவனாவது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவளாவது இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். படித்த பிள்ளைகளுக்கு வீம்பும் கூடவே வளர்ந்துவிடுகிறது.

இன்று மாலை செயற்குழு. மாப்பிள்ளை காட்டிக்கொடுத்தார் என்று தீர்மானம் வந்து நிறைவேறிவிட்டால், மகள் எந்த முகத்தோடு அவனோடு போய்க் குடித்தனம் நடத்துவாள்? கண்டக்டரம்மாவுக்கு ஓய்வு நேரமும் வேண்டாம், பேச்சுவார்த்தையும் வேண்டாம். அந்தப் பெட்டி அது வந்த வீட்டுக்கே திரும்பிப் போக வேண்டும்.

காலையில் சாப்பிட உட்கார்ந்தபோது அவளே ஆரம்பித்தாள்.

"ஏங்க, தெரியாமத்தான் கேக்கறேன். நம்ம சங்கத்துக் கம்ப்யூட்டர்ல இருக்கறது ஓப்பன்னு சொன்னீங்களே. யார் வேணா உள்ள பாக்கலாம்னு பெருமையா சொன்னீங்களே. அப்ப நிர்வாகமும் பார்த்திருக்கும்ல?"

செயலாளர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்குப் பிடித்த பேச்சு. எத்தனை கவலையிலும் இதை விட மாட்டார்.

"அப்படி இல்ல. கம்பெனிக்காரன் விக்கிறது மூடின பெட்டி. உள்ள என்ன வெச்சிருக்கான், யாருக்கு உளவு சொல்றான்னு நமக்குத் தெரியாது. நம்ம கம்ப்யூட்டர் நம்ம மேசையில இருக்கும், ஆனா முதலாளி அவன். நம்ம சங்கத்து மெஷின்ல ஓடற லினக்ஸ் அப்படியா? உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து எழுதறது. எவன் வேணா கேள்வி கேக்கலாம், தப்பிருந்தா திருத்தலாம். தொழிலாளிக்கு ஏத்த சிஸ்டம் இதுதான்."

"நான் கேட்டதுக்குப் பதில் வரலையே."

மகள் குறுக்கே வந்தாள். ஒரு தொழிற்கல்லூரியில் கம்ப்யூட்டர் ஆய்வகம் முழுவதும் அவள் பொறுப்பு. சில வருஷம் முன்பு சங்கத்து மெஷினில் லினக்ஸ் போட்டுக் கொடுத்ததும் அவள்தான். "அம்மா, பூட்டு எப்படிச் செஞ்சிருக்குன்னுதான் யார் வேணா பாக்கலாம். உன் சாவியை யாரும் பாக்க முடியாது. பூட்டுல ஓட்டை இருந்தா நாலு பேர் பார்த்துச் சொல்லுவாங்க, உடனே அதை அடைச்சு அனுப்புவாங்க. அதுக்குப் பேர்தான் அப்டேட். அதைப் போட்டுக்கிட்டா பத்திரம். போடலைன்னா, எந்த இடத்துல ஓட்டைன்னு ஊருக்கே தெரியும், நம்ம வீட்டுல மட்டும் அது அடைபடாம இருக்கும்."

"நாம போட்டுக்கிட்டோமா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"அது செயற்குழு அஜெண்டாவுல இருக்கு."

இங்கேதான் வாசகர்கள் இந்த மனிதரைப் புரிந்துகொள்ள வேண்டும். மேலிருந்து வரும் எதையும் ஓட்டெடுப்பு இல்லாமல் ஏற்றுக்கொள்வதில்லை என்பது அவருடைய சங்கத்தின் மூச்சு. டீக்கடையை மாற்றுவதாக இருந்தாலும் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். எங்கோ உட்கார்ந்துகொண்டு எவனோ 'இதைப் போட்டுக்கொள்' என்று வாராவாரம் அனுப்ப, இவர் பேசாமல் தலையாட்டுவதா? அப்டேட் ஒவ்வொன்றும் செயற்குழுவில் வைக்கப்படும், ஓட்டு விழுந்ததும் மகளைக் கூப்பிட்டுப் போடச் சொல்வோம் என்று லினக்ஸ் போட்ட அன்றைக்கே சொல்லிவிட்டார். வைக்கவும் வைத்தார். ஆனால் அஜெண்டாவில் கடைசியாக வைத்தார். டீ முடிந்து, பாதிப் பேர் டியூட்டிக்கு ஓடிவிடும் நேரத்தில் அந்த விஷயம் வரும். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்படும். அந்தக் கூட்டத்திலும் கடைசியில்தான் இருக்கும். மகளை யாரும் கூப்பிடவில்லை. அவளும் வேலை மும்முரத்தில் மறந்துவிட்டாள்.

"அப்படின்னா கதவு திறந்தேதான் கிடந்திருக்கும்ப்பா" என்றாள் மகள். குரலில் பயத்தைவிட நிம்மதிதான் அதிகம். "வெளியிலேர்ந்து யார் வேணா வந்திருக்கலாம். இன்னைக்கு நான் மெஷினைப் பார்த்துட்டு அதைச் சொன்னேன்னா, அவர் மேல இருக்கற பழி போயிடும்."

"பழி யார் மேல வரும்?" என்றார் செயலாளர்.

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவி டிப்போவுக்குப் போய்விட்டார்.

சங்க அலுவலகம் அவர்கள் வீட்டுக்குக் கீழேயே இருந்தது. இரண்டு அறை, இரும்பு நாற்காலிகள், நடுவில் ஒரு நீள மேசை. அம்மாவும் மகளும் இறங்கிப் போனார்கள். மகள் மெஷின் முன் உட்கார்ந்து கறுப்புத் திரையில் தட்டத் தொடங்கினாள். வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடின. கண்டக்டரம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் அவளுக்குப் படிக்கத் தெரிந்த திரை.

அந்த முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"என்னடி?"

"இரு."

மறுபடி தட்டினாள். மறுபடி அதே எழுத்துகள்.

"அம்மா, எல்லா அப்டேட்டும் போட்டிருக்கு."

"நல்லதுதானே?"

"எப்படிம்மா நல்லது? ஒரு ஓட்டை கிடையாது. போன வாரம் வரைக்கும் சுத்தமா வெச்சிருக்காங்க. என் காலேஜ் மெஷின்கூட இவ்வளவு சுத்தமா இல்ல. வெளியிலேர்ந்து வந்திருக்க வழியே இல்ல."

"அப்பா போட்டிருப்பாரோ?"

"அப்டேட் போடத் தனி பாஸ்வேர்ட் இருக்கு, அவருக்குத் தெரியாது. அது ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நான்."

இன்னொன்று யார் என்று அம்மா கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. மகளுக்குத் தெரிந்த பாஸ்வேர்ட் மாப்பிள்ளைக்கும் தெரியும்.

"போட்டதெல்லாம் ஞாயித்துக்கிழமை" என்றாள் மகள், திரையில் விரலை வைத்து. "மத்தியானம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வருவார்கள். சாப்பாடு முடிந்ததும் மாமனார் அரசியலை அவிழ்ப்பார். மாப்பிள்ளை மரியாதையாகக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ஒரு போன் பேசிட்டு வரேன் என்று கீழே இறங்கிப் போவார். மாமனார் பிரசங்கத்திலிருந்து தப்பிக்கப் பாவம் இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார் என்று கண்டக்டரம்மா உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள்.

"அந்த உள் முடிவை யார் திறந்து பார்த்தாங்கன்னு இதுல தெரியாதா?"

"தெரியாதும்மா. அப்பா தன் பாஸ்வேர்டை ஒரு தடவை போட்டுத் திறந்து வெச்சா நாள் பூரா அப்படியே கிடக்கும். தோழர்களுக்குள்ள என்ன பூட்டுன்னு கேப்பார். யார் உட்கார்ந்தாலும் அப்பா உட்கார்ந்த மாதிரிதான் இது சொல்லும்." மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் அவரைக் காப்பாத்தலாம்னு வந்தேம்மா. அவர் யாருக்கும் தெரியாம இங்க வந்து வந்து உட்கார்ந்திருக்கார்னு நானே நிரூபிச்சுட்டேன்."

கண்டக்டரம்மா மகளை மாடிக்கு அனுப்பிவிட்டு பஸ் ஏறினாள். தன் பஸ் இல்லை, வேறு தடம். அந்தக் கண்டக்டர் பையன் உட்காரச் சொல்லியும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பூட்டியிருந்தால் நல்லது என்றார்கள். இப்போது பூட்டியிருந்ததுதான் கெட்டது என்கிறார்கள். இதில் எதை நம்புவது?

மாப்பிள்ளையின் ஆபீஸ் வாசலில் கண்ணாடிக் கதவு. அட்டை காட்டினால்தான் திறக்கும். வரவேற்பில் இருந்த பெண் அவளுடைய யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு நெஞ்சில் ஒட்டிக்கொள்ள ஒரு சீட்டு கொடுத்தாள். மாப்பிள்ளை பதறிக்கொண்டு இறங்கி வந்தார்.

"வாங்க அத்தை. என்ன ஆச்சு? அவளுக்கு ஏதாவது..."

"அவளுக்கு ஒண்ணுமில்ல. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் மாப்பிள்ளை. ஞாயித்துக்கிழமை கீழ போய் போன் பேசுவீங்களே, யார்கிட்ட பேசுவீங்க?"

மாப்பிள்ளை ஒரு நாற்காலியைக் காட்டினார். அவள் உட்கார்ந்த பிறகு தானும் உட்கார்ந்தார்.

"யார்கிட்டயும் பேசல அத்தை. பார்த்துட்டீங்களா?"

"உங்க வீட்டுக்காரி பார்த்தா."

"ஒரு தடவை பிரிண்டர் ஓடலைன்னு மாமா கூப்பிட்டப்ப பார்த்தேன். மாசக் கணக்கா அப்டேட் இல்ல. மாமாகிட்ட சொன்னேன். 'அஜெண்டாவுல இருக்கு மாப்பிள்ளை'ன்னார். திருடன் ஓட்டெடுப்பு முடியற வரைக்கும் காத்திருப்பானா அத்தை? நான் வேலை செய்யறது கம்பெனியிலதான். ஆனா ஊர்ல இருக்கற பாதி மெஷின் இந்த லினக்ஸ்லதான் ஓடுது, எங்க கம்பெனியே அதுலதான் ஓடுது. திறந்தது நல்லதுன்னு மாமா சொல்றது சரிதான். ஆனா திறந்ததுங்கறதுக்காக அது தன்னைத்தானே பார்த்துக்காது. யாராவது உட்கார்ந்து பாக்கணும்."

"அவகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அவ அப்பாகிட்ட சண்டைக்குப் போவா. இல்லைன்னா தான் மறந்துட்டோமேன்னு வருத்தப்படுவா. ரெண்டும் எனக்குப் பிடிக்கல."

"அவ நேரா கேட்டப்பவாவது இல்லைன்னு சொல்லியிருக்கலாமே?"

மாப்பிள்ளை கண்ணாடிக் கதவுப் பக்கம் பார்த்தார். "அவ கேட்டதுதான் வலிச்சது அத்தை."

"சங்கத்து உள் முடிவை நீங்க பார்த்தீங்களா?"

"பாக்கல."

ஒரு வார்த்தை, அவ்வளவுதான். கண்டக்டரம்மா அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். எத்தனை ஆயிரம் முகம் பார்த்தவள்! ஆனால் மாப்பிள்ளை முகம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். சாப்பாடு நன்றாக இருந்தாலும் அதே முகம், உப்பு அதிகமானாலும் அதே முகம். உண்மையும் அப்படித்தான் இருக்குமோ, நடிப்பும் அப்படித்தான் இருக்குமோ. அவளுக்குத் தலை சுற்றியது.

"இதை நான் அங்க சொல்லட்டுமா?"

"சொன்னா நான் அந்த நாற்காலியில உட்கார்ந்தது ஒண்ணே அவங்களுக்குப் போதும். சொல்லாம விட்டா வேற யாராவது மாட்டுவாங்க." எழுந்து நின்றார். "உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க அத்தை."

எல்லோரும் இப்படித் தலையில் கட்டிவிட்டுப் போனால் அவள் என்னதான் செய்வாள்?

மாலைச் செயற்குழுவுக்கு ஒருவர் பாக்கி இல்லாமல் வந்துவிட்டார்கள். வம்பு என்றால் கூட்டத்துக்குக் குறைவில்லை. கண்டக்டரம்மாவும் குழுவில் ஓர் உறுப்பினர்தான். அவள் மூச்சுவாங்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் கூட்டம் தொடங்கிவிட்டது. மகள் சுவரோரம் நின்றிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை பேசக்கூட நேரமில்லை.

சங்கத் தலைவர் அஜெண்டாவை எடுப்பதற்குள் செயலாளர் எழுந்துவிட்டார்.

"தோழர்களே, நான் முதல்ல பேசிடறேன். அப்டேட்டை ஓட்டுக்கு விடணும்னு சொன்னவன் நான். கடைசியில வெச்சு வெச்சுத் தள்ளினவனும் நான். அதனால நம்ம மெஷின் கதவு திறந்தே கிடந்திருக்கு. வெளியிலேர்ந்து எவனோ வந்து எடுத்துட்டுப் போயிருக்கான். இதுல என் மாப்பிள்ளைக்குச் சம்பந்தமில்ல. அன்னைக்கே அவருக்காக நான் பேசியிருக்கணும், பேசல. தப்பு என்னுது. இந்தப் பொறுப்புலேர்ந்து நான் விலகிக்கறேன்."

இந்த மனிதர் தப்பு என்னுது என்று சொல்லிக் கண்டக்டரம்மா கேட்டதே இல்லை. வீட்டில் உப்பு டப்பாவை மாற்றி வைத்தால்கூட ஒப்புக்கொள்ளாதவர். அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது, ஏனென்றால் கதவு திறந்து கிடந்ததாக அவர் சொன்னது உண்மையில்லை. அது அவருக்குத் தெரியாது.

ஸ்பானர்கூட இளகிவிட்டார். "அப்படின்னா மாப்பிள்ளை விஷயத்தை விட்டுடலாம். நான் பேசினதை வாபஸ் வாங்கிக்கறேன்."

அவ்வளவுதான், முடிந்தது. பேசாமல் இருந்தால் போதும். பெட்டி இன்று சாயங்காலமே திரும்பிப் போய்விடும். கணவருடைய பதவிதான் போகும், போகட்டும். நிம்மதியாக வீட்டில் இருப்பார்.

தலைவர் சும்மா விடவில்லை. "மெஷினைப் பார்த்தது நீதானேம்மா?" என்று மகளிடம் திரும்பினார். "கதவு திறந்துதான் கிடந்துச்சான்னு நீயே சொல்லிடு. எழுதி முடிச்சுடலாம்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். ஆமாம் என்றால் அப்பா பொய்க்குப் பலியாகிறார். இல்லை என்றால் கணவன் மாட்டிக்கொள்கிறான். அந்த முகம் தவித்த தவிப்பைக் கண்டக்டரம்மாவால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"நான் சொல்றேன்" என்று எழுந்துவிட்டாள். "கதவு பூட்டித்தான் இருந்தது. நீங்க யாரும் பூட்டல. ஞாயித்துக்கிழமை தவறாம யாருக்கும் தெரியாம வந்து பூட்டினவர் எங்க மாப்பிள்ளை. அவர் வாயால இப்பதான் கேட்டுட்டு வரேன், நம்ம முடிவை அவர் பாக்கலையாம். வெளியிலேர்ந்து யாரும் வரல. எடுத்தவங்க இந்த ரூமுக்குள்ள, இந்த நாற்காலியில உட்கார்ந்துதான் எடுத்திருக்கணும்."

ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள். "அப்ப அவரே ஒத்துக்கிட்டார்!" என்றது ஒரு குரல். "பூட்டினவன் எதுக்குத் திருடணும்?" என்றது இன்னொன்று. வாபஸ் வாங்கிய ஸ்பானர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இவ்வளவு கூச்சலுக்கும் நடுவில் செயலாளர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டுப் போட்டார்?" என்றார். "ஓட்டெடுப்பு இல்லாமலா?"

அந்த மனுஷனை அணைத்துக்கொள்வதா, தலையில் குட்டுவதா என்று கண்டக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

தலைவர் மேசையைத் தட்டினார். வேறு வழி தெரியாதபோது அந்தச் சங்கம் எப்போதும் எதைச் செய்யுமோ அதையே செய்தார். "ஓட்டுக்கு விடறேன். மாப்பிள்ளை சொல்றதை நம்பறவங்க கை தூக்கலாம்."

கண்டக்டரம்மா கையைத் தூக்கினாள். நம்பிக்கை முழுதாக வந்துவிட்டதா என்று அவளுக்கே தெரியாது, ஆனாலும் கை மேலேதான் இருந்தது. பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ கையைத் தூக்கினார்கள், யாரோ பாதி தூக்கிவிட்டு இறக்கினார்கள். ஸ்பானர் கையைக் கட்டிக்கொண்டார். அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கைகள் இரண்டும் மேசைமேல் அசையாமல் கிடந்தன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீ சங்கத்துல உறுப்பினர் இல்லையே" என்றார் தலைவர், சுவரோரம் பார்த்து. "உனக்கு ஓட்டுக் கிடையாதே."

கண்டக்டரம்மா திரும்பிப் பார்த்தாள். மகள் கையை உயரத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

"தெரியும்" என்றாள். கையை இறக்கவில்லை.